கணக்கில் ஏறாத புகை: மைய வங்கிகளின் ஆளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர்களுக்கு,

வணக்கம். காலநிலை இடர் குறித்தும், சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில்களுக்குத் தரும் பசுமைக் கடன் குறித்தும் மைய வங்கிகள் வெளியிடும் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். 2017 டிசம்பரில் எட்டு மைய வங்கிகளும் மேற்பார்வை அமைப்புகளும் பாரிசில் கூடித் தொடங்கிய, நிதி அமைப்பைப் பசுமையாக்குவதற்கான வலையமைப்பில் இன்று 140-க்கும் மேற்பட்ட அமைப்புகள் உறுப்பு வகிக்கின்றன. விலைவாசி, வட்டி, அந்நியச் செலாவணி ஆகியவற்றுக்கு அப்பால் எதையும் தம் வேலையாகக் கருதாதிருந்த நிறுவனங்கள் இவ்வளவு தூரம் வந்திருப்பதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் அந்த அறிக்கைகளில் ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு விடை கிடைத்ததில்லை. வங்கிக் கணக்கும் பதிவேட்டில் பெயரும் இல்லாத தொழில்கள் வெளியேற்றும் மாசு உங்கள் கணக்கில் எங்கே வருகிறது?

எங்கும் வருவதில்லை என்பதே என் புரிதல். கடன் வாங்கும் நிறுவனம் எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றுகிறது, எவ்வளவு நீரைச் செலவிடுகிறது, எந்தச் சான்றிதழ் வைத்திருக்கிறது என்றெல்லாம் வங்கிகளைக் கேட்கச் சொல்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விகள் பதிவுபெற்ற நிறுவனத்தின் வாசலோடு நின்றுவிடுகின்றன. அதே நிறுவனம் தன் வேலையில் அழுக்கான பகுதியை மட்டும் பிரித்து, பெயர்ப்பலகை இல்லாத ஒரு கொட்டகைக்குக் கூலிக்கு விட்டுவிட்டால், வங்கியின் கடன் தொகுப்பு தூய்மையாகிவிடுகிறது. காற்றும் நீரும் முன்பு இருந்ததைவிட மோசமாகின்றன. நிதித் துறை வளர வளர மாசு குறையும் என்ற நம்பிக்கையும், விதிகள் இறுக இறுக மாசு குறையும் என்ற நம்பிக்கையும் ஒருசேரத் தடுமாறும் இடம் இதுதான். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முறைசாராப் பொருளாதாரம், அதாவது இப்படிப் பதிவில்லாத தொழில்களின் உலகம், என்றவுடன் அது எங்கோ ஓரத்தில் கிடக்கும் சிறு விஷயம் என்ற எண்ணம் நிதி வட்டாரங்களில் இன்னும் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் வேலை செய்வோரில் 61.2 விழுக்காட்டினர், அதாவது சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இது 85.8 விழுக்காடு. ஆக, ஓரத்தில் இருப்பது பதிவுபெற்ற பொருளாதாரம்தான் என்று சொல்லிவிடக்கூடிய நாடுகள் பல உள்ளன. அந்த நாடுகளின் மைய வங்கிகளும் பசுமைக் கடனுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிடுகின்றன. பெரும்பாலும் பணக்கார நாடுகளின் நெறிகளை ஒட்டியே வெளியிடுகின்றன.

நிதி வளர்ச்சிக்கும் மாசுக்கும் உள்ள உறவு பற்றிப் பொருளியலில் நீண்ட விவாதம் உண்டு. கடன் எளிதாகக் கிடைக்கும்போது தொழிற்சாலைகள் பெருகும், வண்டிகள் பெருகும், குளிரூட்டிகள் பெருகும். அதனால் மாசு கூடும். அதே கடன் குறைந்த வட்டியில் நீண்ட காலத்துக்குக் கிடைத்தால் பழைய உலையை மாற்றிப் புதியது வைக்க முடியும், சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியும். அதனால் மாசு குறையும். முதலாவது அளவின் விளைவு, இரண்டாவது நுட்பத்தின் விளைவு. ஜீன் குரோஸ்மன், ஆலன் குரூகர் ஆகிய பொருளியலாளர்கள் இருவரும் 1990-களில் செய்த ஆய்வுகள், ஒரு நாட்டின் வருமானம் உயரும்போது பல வகை மாசுகள் முதலில் கூடி, பின்னர் ஒரு கட்டத்தில் குறையத் தொடங்குகின்றன என்று காட்டின. அந்தத் திருப்பம் தானாக நிகழ்வதில்லை என்பதையும் அவர்களே எழுதியிருந்தார்கள். பின்னால் வந்த கொள்கை உரைகளில் ஏறி இறங்கும் அந்த வளைகோடு நிலைத்தது, அந்த எச்சரிக்கை உதிர்ந்துவிட்டது.

முறைசாராத் துறை பெரிதாக உள்ள இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அளவின் விளைவு அங்கே தங்குதடையின்றிப் பாய்கிறது. பெரிய நிறுவனத்துக்குக் கிடைக்கும் கடன் உற்பத்தியைப் பெருக்க, கூடுதல் வேலை கீழே கீழே சென்று கடைசியில் கொட்டகையை அடைகிறது. நுட்பத்தின் விளைவோ வழியிலேயே நின்றுவிடுகிறது, ஏனென்றால் புதிய உலைக்கான கடன் அந்தக் கொட்டகையை எட்டுவதில்லை. அங்கு எட்டுவது தினவட்டி, வாரவட்டி, தரகர் தரும் முன்பணம். இரண்டு மாதத்தில் திருப்பித் தரவேண்டிய பணத்தை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளில் போட்ட முதலைத் திருப்பித் தரும் கருவியை யாரும் வாங்க மாட்டார்கள். அது அறியாமையால் வருவதன்று, கணக்குத் தெரிந்ததால் வருவது.

152 நாடுகளின் 1999 முதல் 2009 வரையிலான தரவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, முறைசாராத் துறை மிகச் சிறிதாக உள்ள நாடுகளிலும் மிகப் பெரிதாக உள்ள நாடுகளிலும் மாசு ஒப்பீட்டளவில் குறைவாகவும், இடைப்பட்ட நாடுகளில் அதிகமாகவும் இருப்பதாகக் கண்டது. விளக்கம் எளியது. கையால் வேலை செய்யும், இயந்திரமும் எரிபொருளும் அதிகம் இல்லாத சிறு தொழில்கள் நிறைந்த நாடு பெரிதாக மாசுபடுத்த முடியாது. எல்லாமே பதிவுபெற்ற நாட்டில் விதிகள் ஓரளவு செல்லும். இரண்டுக்கும் நடுவில், மூலதனம் பெருகியும் விதிகள் எட்டாமலும் இருக்கும் கட்டம்தான் ஆபத்தானது. நிதி வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் நாடுகளில் பெரும்பாலானவை இந்த நடுக்கட்டத்தில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து. அதனால்தான் தொழில்துறை அமைச்சகத்துக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இனித் தங்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தப் பொருளில் நீங்கள் வெறும் மேற்பார்வையாளர்கள் அல்லர், வாங்குபவர்கள்.

சிறு அளவில் தங்கம் எடுப்பவர்கள் பாறையைப் பொடித்து, நீரில் அலசி, எஞ்சும் கனமான மணலில் பாதரசத்தை ஊற்றிக் கையாலேயே பிசைகிறார்கள். பாதரசம் தங்கத் துகள்களைப் பற்றிக்கொள்ளும். பிறகு அதைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் உபரிப் பாதரசம் வடிந்து, வெள்ளி நிறத்தில் ஒரு சிறு உருண்டை மிஞ்சும். அதில் ஏறத்தாழப் பாதி இன்னமும் பாதரசமே. அதை ஒரு தட்டில் வைத்துத் திறந்த நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போக, மஞ்சள் நிறத்தில் தங்கம் நிற்கும். ஆவியான பாதரசம் அருகில் இருப்பவர்களின் நுரையீரலுக்கும், பின்னர் மண்ணுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும், மீனுக்கும் போகிறது. 2015-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கீட்டில், மனிதச் செயல்களால் காற்றில் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,220 டன். அதில் சுமார் 38 விழுக்காடு இந்த ஒரு தொழிலிலிருந்து மட்டும் வந்தது. நிலக்கரி எரிப்பதால் வருவதைவிட இது அதிகம். மூடிய கலத்தில் சூடாக்கி ஆவியைக் குளிரவைத்தாலே பாதரசத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துவிடலாம். அந்தக் கலம் மிக எளிய கருவி. குழாயும் மூடியும் இருந்தால் உள்ளூர்க் கொல்லரே செய்துவிடுவார்.

பின்னர் ஏன் பயன்படுத்துவதில்லை? சூடேறும்போது தங்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் நம்பிக்கை வருவதில்லை, நேரம் கூடுதலாகிறது என்று காரணங்கள் சொல்வார்கள், அவை உண்மையே. அவற்றைவிட முக்கியமான காரணம் கடன். பல இடங்களில் தங்கம் வாங்கும் தரகரே பாதரசத்தையும் கடனாகத் தருகிறார், தங்கத்தைத் தனக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதாவது அங்கே நச்சுப் பொருளே கடனின் வடிவில் வருகிறது. கடன் வசதி இல்லாததால் இவர்கள் மாசுபடுத்துகிறார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே கடன் மாசோடு சேர்ந்தே வருகிறது.

இனி விலையைப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் உலகம் பாதுகாப்பான முதலீடு தேடித் தங்கத்துக்கு ஓடியது. 2009-இல் அவுன்சுக்கு ஆயிரம் டாலரை ஒட்டி நின்ற விலை 2011-இல் 1,900 டாலரைத் தொட்டது. அந்த ஏற்றத்தின் நடுவே, 2010-இல், நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் குழந்தைகள் வலிப்பு வந்து இறக்கத் தொடங்கினார்கள். அங்குள்ள தங்கத் தாதுவில் ஈயமும் மிகுதியாக இருந்தது. தாதுவைக் குடியிருப்புகளிலேயே பொடித்ததால் ஈயத் தூசி முற்றத்திலும் பாத்திரத்திலும் படிந்தது. 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊர்களில் உரல் சுற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு வால் ஸ்ட்ரீட் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விலை தெரிந்தால் போதும்.

மைய வங்கிகள் 2010-ஆம் ஆண்டிலிருந்து ஒட்டுமொத்தமாகத் தங்கத்தை விற்பதைவிட அதிகமாக வாங்கிவருகின்றன. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கியிருக்கின்றன. இருப்புச் சொத்தைப் பல வகைகளில் பிரித்து வைப்பது உங்கள் கடமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தங்கத்தை ஒருமுறை உருக்கி வார்த்துவிட்டால் அது எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதைக் கட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வணிக வங்கிகள் கொடுக்கும் ஒவ்வொரு கடனுக்கும் சுற்றுச்சூழல் தடம் கேட்கும் நீங்கள், உங்கள் பெட்டகத்துக்குள் போகும் உலோகத்துக்கு அதே கேள்வியை அதே கண்டிப்போடு கேட்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதில் உங்களுள் ஒருவரின் அனுபவமே நல்ல பாடம். பிலிப்பைன்சில் 1991-ஆம் ஆண்டின் சட்டப்படி சிறு சுரங்கத்தார் தங்கத்தை மைய வங்கிக்குத்தான் விற்க வேண்டும். அதற்கென வங்கி கொள்முதல் நிலையங்களை நடத்திவந்தது. 2011-இல் அந்த விற்பனையின் மீது வரிப் பிடித்தம் கறாராக அமலானபோது கொள்முதல் மளமளவெனச் சரிந்தது. சுரங்கங்கள் மூடப்படவில்லை, தங்கம் கள்ளச்சந்தை வழியே வேறு நாடுகளுக்குப் போனது, அவ்வளவுதான். 2019-இல் ஒரு புதிய சட்டம் இயற்றி அந்த வரிகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். வருவாய்த் துறையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது வரி இழப்பு. சுற்றுச்சூழலின் கண்ணோட்டத்தில், சுரங்கத்தாரிடம் பாதரசம் பற்றிப் பேசக்கூடிய ஒரே கொள்முதல் மேசை எட்டு ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. முறைப்படுத்துதல் என்றாலே வரி வசூலிப்பது என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்வை ஊன்றிப் படிக்க வேண்டும்.

அடுத்தது ஈயம். உலகில் பயன்படும் ஈயத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஈய-அமில பேட்டரிகளுக்குப் போகிறது. மின்கம்பி எட்டாத வீடுகளுக்குச் சூரிய மின்விளக்கு வைக்கச் சிறுகடன், மூன்று சக்கர மின்வண்டிக்குக் கடன் ஆகியவை எல்லாம் பசுமைக் கடன் என்ற தலைப்பின் கீழ்தான் வருகின்றன. வர வேண்டியவைதான். ஆனால் அந்த பேட்டரி சில ஆண்டுகளில் செத்துப்போகும். செத்த பேட்டரியைப் பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு எடுப்பார். பிறகு அது ஒரு கொட்டகைக்குப் போய்ச் சேரும். அங்கே கோடரியால் மூடியைப் பிளந்து, அமிலத்தை மண்ணில் கவிழ்த்து, தகடுகளை வாணலி போன்ற திறந்த உலையில் உருக்குகிறார்கள். முறையான உருக்காலை அதே பேட்டரிக்குக் குறைந்த விலைதான் தர முடியும், ஏனெனில் அது வடிகட்டி வைத்திருக்கிறது, அமிலத்தைச் சமன்படுத்துகிறது, தொழிலாளிகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்கிறது. கொட்டகைக்கு அந்தச் செலவுகள் இல்லை. அதனால் கூடுதல் விலை தருகிறது. பேட்டரி கொட்டகைக்கே போகிறது. ஆக, ஒழுங்காக நடக்கும் ஆலை மூலப்பொருள் இல்லாமல் படுக்கிறது. அந்த ஆலைக்கு எவ்வளவு பசுமைக் கடன் கொடுத்தாலும் இது மாறாது.

2007-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை உச்சத்தில் இருந்தது. செனகலின் தலைநகரான டக்காரின் புறநகர்ப் பகுதி ஒன்றில், பல ஆண்டுகளாக பேட்டரி உடைத்த இடத்து மண்ணையே மக்கள் சலித்து ஈயம் பொறுக்கி விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் சொன்னது; எண்ணிக்கையில் சொன்னால் 80 கோடி வரை. இவ்வளவு பெரிய பாதிப்பு எந்த வங்கியின் இடர் அறிக்கையிலும் ஒரு வரியாகக்கூட வராமல் இருப்பதற்குக் காரணம், பாதிப்பு சிறியது என்பதல்ல. கடனாளியின் பெயரில் அது இல்லை என்பதுதான்.

அப்படியானால் கொட்டகைகளை எல்லாம் மூடிவிட வேண்டியதுதானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதையும் பலர் செய்து பார்த்துவிட்டார்கள். கானாவின் தலைநகரான அக்ராவில் மின்கழிவு எரிப்புக்கு உலகெங்கும் பெயர் கெட்டிருந்த அக்போக்புளோஷியின் பழைய பொருள் களத்தை 2021 ஜூலையில் இடித்து அகற்றினார்கள். ஒளிப்படக்காரர்கள் வருவது நின்றது. செம்புக்காகக் கம்பியை எரிப்பவர்கள் சுற்றுப்புறத்தில் சிதறி வேறு வேறு இடங்களில் எரித்தார்கள். ஒரே இடத்தில் இருந்தபோது மண்ணைச் சோதிக்கவும், கம்பியின் மேலுறையை உரிக்கும் இயந்திரம் கொண்டுவந்து கொடுக்கவும் முடிந்தது. சிதறிய பின் அதுவும் கடினமாயிற்று. 2022-இல் உலகம் 620 லட்சம் டன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு உண்டு என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. மீதியில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் கையில்தான் பிரிகிறது. ஓர் இடத்தை இடித்தால் அந்த டன்கள் காணாமல் போய்விடுவதில்லை.

இந்தத் தொழில்கள் அனைத்தையும் மாசின் ஊற்றாக மட்டும் பார்ப்பதும் நியாயமாகாது. குப்பையிலிருந்து தாளும் பிளாஸ்டிக்கும் உலோகமும் பிரித்தெடுப்பவர்கள் பல நகரங்களில் மாநகராட்சி செய்யாத வேலையை ஊதியமின்றிச் செய்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் அவர்கள் அரசமைப்பு நீதிமன்றம் வரை போய் வழக்காடி, 2013 முதல் அந்த வேலைக்கு நகர நிர்வாகத்திடமிருந்து எடைக்கு ஏற்பப் பணம் பெறத் தொடங்கினார்கள். அதற்காக வங்கிக் கணக்கு திறந்தார்கள் என்பது உங்கள் துறைக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். பதிவு முதலில் வந்து பயன் பின்னால் வரவில்லை. கையில் பணம் வரும் என்று தெரிந்ததால் பதிவு வந்தது.

செங்கற்சூளைகளின் கதையில் இரண்டு முனைகளையும் பார்க்கலாம். மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரில் 1990-களின் தொடக்கத்தில் சிறு சூளைக்காரர்கள் பழைய டயரும் மரத்தூளும் எரிப்பதை விட்டுப் புரோப்பேன் வாயுவுக்கு மாறினார்கள். பர்னர் போன்ற கருவிகளை வாயு நிறுவனங்கள் கொடுத்தன, தொண்டு அமைப்புகள் பயிற்சி கொடுத்தன. மாறியவர்கள் மாறாதவர்களைக் கண்காணித்தார்கள், ஏனெனில் டயர் எரிப்பவர் விலையைக் குறைத்து விற்றால் வாயு எரிப்பவர் நட்டப்படுவார். நல்ல ஏற்பாடு. பிறகு நாட்டின் நிதிச் சீரமைப்பின் பகுதியாக வாயுவுக்கான மானியம் வெட்டப்பட்டது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாச் சூளைகளும் பழைய எரிபொருளுக்கே திரும்பின. மானியத்தை வெட்டியவர்களின் கோப்பில் செங்கற்சூளை என்ற சொல்லே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வங்கதேசத்தில் நடந்தது வேறு. அங்கே 276 சூளைகளில் நடத்தி 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் யாருக்கும் அபராதம் விதிக்கவில்லை, யாருக்கும் புதிய இயந்திரமும் தரவில்லை. நிலக்கரியை மொத்தமாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகத் தொடர்ந்து போடுவது, காற்று சீராகப் போகும்படி கல்லை அடுக்குவது, மேலே சாம்பலைத் தடிமனாகப் பரப்பி வெப்பத்தைக் காப்பது என்று சில பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற சூளைகளில் 65 விழுக்காடு அவற்றைக் கைக்கொண்டன. அப்படிக் கைக்கொண்ட சூளைகளில் எரிபொருள் பயன்பாடு 23 விழுக்காடு குறைந்தது. கரியமில வாயுவும் நுண்துகளும் சுமார் 20 விழுக்காடு குறைந்தன. சூளைக்காரர் தன் பணத்தை மிச்சப்படுத்தவே செய்தார் என்பதால் ஆய்வாளர்கள் போன பின்னும் அந்தப் பழக்கம் தொடரும் என்று எதிர்பார்க்கலாம். இதற்குத் தேவைப்பட்ட தொகை, பெரிய பசுமைப் பத்திர வெளியீடு ஒன்றின் சட்ட ஆலோசனைக் கட்டணத்துக்குக்கூட வராது என்பது என் ஊகம்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தேன். இது எங்கள் அதிகார வரம்பில் இல்லை, நாங்கள் வங்கிகளை மேற்பார்வையிடுபவர்கள், கொட்டகைகளை அல்ல என்பீர்கள். ஆனால் எந்தக் கடன் பசுமையானது என்று வரையறுப்பது இன்று உங்கள் கையில் இருக்கிறது. எந்தத் துறைக்குக் குறைந்த வட்டியில் மறுநிதி (வங்கிகள் கடன் கொடுப்பதற்காக நீங்கள் வங்கிகளுக்குத் தரும் பணம்) தரலாம் என்று முடிவு செய்வதும் பல நாடுகளில் உங்கள் கையில்தான் இருக்கிறது. பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல், சமூக இடர்களை மதிப்பிட வங்கிகள் தாமாக ஏற்றுக்கொண்ட ஈக்குவேட்டர் கோட்பாடுகள்கூடத் திட்டக் கடனைப் பொறுத்தவரை ஒரு கோடி டாலரும் அதற்கு மேலும் செலவாகும் திட்டங்களுக்கே பொருந்தும். அந்த வரம்புக்குக் கீழே உள்ள உலகத்துக்கு விதி எழுதக்கூடியவர் உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? வளர்ச்சி வந்தால் முறைசாராத் தொழில் தானே கரைந்துவிடும் என்றும் சிலர் சொல்வதுண்டு. அந்தத் தொழிலில் கணிசமான பகுதி, வளர்ந்துவிட்ட நிறுவனங்கள் செலவைக் குறைக்கக் கூலிக்கு விடும் வேலையால் பிழைப்பது. வளர்ச்சி அதைக் கரைக்காது, தீனி போடும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. ஏற்றுமதியாளர், தங்கச் சுத்திகரிப்பு ஆலை, பேட்டரி தயாரிப்பாளர், பெரிய கட்டுமான நிறுவனம் போன்றோருக்குக் கடன் தரும்போது, அவர்களின் மூலப்பொருள் எங்கெங்கே பதப்படுகிறது என்பதைப் பதிவில்லாத துணை ஒப்பந்தக்காரர் வரை கேட்குமாறு வங்கிகளுக்கு உத்தரவிடுங்கள். அவ்வாறு கேட்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட ஒப்பந்தக்காரரை வெட்டிவிட்டோம் என்ற பதிலை இணக்கமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். வெட்டிவிடுவது மிக எளிது. மறுநாள் அதே வேலை இன்னொரு தரகர் வழியாக அதே கொட்டகைக்கே போகும். வாங்குபவர் கொட்டகையின் கருவிச் செலவில் எவ்வளவு பங்கு ஏற்றார் என்று கேளுங்கள்.

சூரிய மின்விளக்குக்கும் மின்வண்டிக்கும் தரும் கடனைப் பசுமைக் கணக்கில் சேர்ப்பதற்கு, செத்த பேட்டரியைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை நிபந்தனையாக்குங்கள். கடன் தவணையிலேயே ஒரு சிறு தொகையை வைப்பாகப் பிடித்துவைத்து, பேட்டரியை முறையான ஆலையிடம் ஒப்படைத்த பின் திருப்பித் தந்தால், கொட்டகை தரும் கூடுதல் விலைக்கு ஈடுகொடுக்க முடியும். கடனைக் கொடுத்ததும் பசுமை என்று முத்திரை குத்திவிட்டு, பேட்டரி செத்த நாளில் கண்ணை மூடிக்கொள்ளும் இப்போதைய வழக்கம் நேர்மையானதாக இல்லை.

நிலப் பட்டா இல்லாதவருக்கும் கருவியையே பிணையாக வைத்து, பருவத்துக்கு ஏற்பத் தவணை கட்டும்படி, குறைந்தது மூன்று ஆண்டுக் காலத்துக்குக் கடன் கிடைக்கும் ஒரு மறுநிதிச் சாளரத்தைத் திறவுங்கள். தனித்தனியாகக் கொடுக்க முடியாத இடத்தில் ஒரே தொழில் செய்வோர் கூட்டாக ஓர் உலை, ஒரு கழிவுநீர்த் தொட்டி, ஒரு கம்பி உரிக்கும் இயந்திரம் வாங்கக் கொடுக்கலாம். அந்தக் கடனைப் பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளின் வரிக் கணக்கைக் கேட்டால் ஒருவரும் வர மாட்டார்கள் என்பதைப் பிலிப்பைன்சின் அனுபவம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

அளவீடு பற்றியும் ஒரு வார்த்தை. முறைசாராத் தொழிலின் மாசை அளக்கவே முடியாது என்று கைவிரிப்பது இனியும் செல்லாது. செங்கற்சூளைகளைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணினியால் எண்ணிவிடுகிறார்கள். பாதரசம், அமிலம், சாயம் போன்றவற்றின் இறக்குமதியும் மொத்த விற்பனையும் சுங்கத் துறையின் பதிவேட்டில் இருக்கின்றன. துல்லியமாக இருக்காதுதான், ஆனால் உங்கள் பணவீக்க முன்கணிப்புகளும் துல்லியமாக இருப்பதில்லை, அதற்காக அவற்றை வெளியிடாமல் விட்டுவிடுவதில்லை.

கடைசியாகத் தங்கம். சிறு சுரங்கம் உள்ள நாடுகளின் மைய வங்கிகள், தம் கொள்முதல் நிலையத்தில் வரிப் பிடித்தம் இல்லாமல் நியாய விலையை உடனே கையில் கொடுத்து, பாதரசம் இன்றியோ மூடிய கலத்தில் சூடாக்கியோ எடுத்த தங்கத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை தர வேண்டும். தரகரின் பாதரசக் கடனிலிருந்து விடுபட விரும்புபவருக்கு அந்த நிலையத்திலேயே முன்பணமும் கிடைக்க வேண்டும். மற்ற நாடுகளின் மைய வங்கிகள், ஆண்டறிக்கையில் தங்க இருப்பைக் குறிப்பிடும் பக்கத்திலேயே, அந்த ஆண்டில் வாங்கிய தங்கத்தில் எத்தனை விழுக்காட்டுக்குச் சுரங்கம் வரை தடம் தெரியும் என்ற எண்ணையும் அச்சிட வேண்டும். அது முதல் ஆண்டில் மிகச் சிறிய எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, அச்சிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
சுற்றுச்சூழல் பொருளியலின் வாசகன் ஒருவன்